கிரீக் யோகர்ட்டுக்கு நம்மூர் மாற்று: கப்பின் முதுகைப் படிப்பதும் துணியில் வடிப்பதும்

எங்கள் அடுக்ககத்தின் மேல்மாடிப் பையன் ஒருநாள் காலிக் கப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, ஜிம்ல தினமும் கிரீக் யோகர்ட் சாப்பிடச் சொல்றாங்க. நாலு ஸ்பூன்ல தீந்துபோகுது. வாரத்துக்கு ஏழு கப் வாங்குனா கட்டுப்படி ஆகாது. நம்ம தயிரையே சாப்பிட்டா ஆகாதா?"

கப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஸ்ட்ராபெர்ரி சுவை. தயாரித்த இடம் மகாராஷ்டிரம். அவன் அதை கிரீஸிலிருந்து விமானமேறி வந்த சரக்கு என்று நினைத்திருந்தான். சேர்த்த சர்க்கரையைத் தனி வரியில் போட்டிருந்தார்கள். அந்த வரியை அவன் ஒருநாளும் படித்ததில்லை.

அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், அதனால் என் கடைகளும் பாலும் இந்தப் பக்கத்து வழக்கம். தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

முதலில், அது என்ன பண்டம்?

தண்ணீர் வடித்த தயிர். அவ்வளவுதான். கிரேக்கர்களே அதை ஸ்ட்ராகிஸ்டோ என்கிறார்கள், 'வடித்தது' என்று பொருள். அரபு நாடுகளில் லப்னே, துருக்கியில் சூஸ்மே, மராட்டியில் சக்கா. சக்காவில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டால் ஸ்ரீகண்ட். நம் ஊரில் பச்சடிக்காகத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்ட எந்தப் பாட்டியும் இதைச் செய்திருக்கிறார், பெயர் வைக்கவில்லை, கப்பில் அடைத்து விற்கவில்லை.

பெயருக்காக ஒரு வழக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் தயாரான சோபானி என்ற பிராண்ட் தயிரை இங்கிலாந்தில் 'கிரீக் யோகர்ட்' என்று விற்கக் கூடாது என்று கிரேக்க நிறுவனமான ஃபாயே வழக்குப் போட்டு வென்றது. 2014 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அங்கே வேறு நாட்டில் செய்ததை 'கிரீக் ஸ்டைல்' என்று போட்டு விற்கிறார்கள். நம் கடைகளில் இந்தியாவில் செய்த கப்பிலேயே 'கிரீக் யோகர்ட்' என்று பார்க்கலாம். ஆகவே கப்பின் முகத்தில் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதன் முதுகில்தான் விஷயம் இருக்கிறது.

உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று விதமான ஆட்கள் கிரீக் யோகர்ட் தேடுகிறார்கள். புரதத்துக்காகத் தேடுபவர்கள் ஒரு வகை. சமையலுக்கு, அதாவது சிக்கனில் தடவவோ பச்சடிக்கோ தண்ணீர் விடாத தயிர் வேண்டும் என்பவர்கள் இன்னொரு வகை. அந்த வழவழப்பும் குறைந்த புளிப்பும் பிடித்துப்போனவர்கள் மூன்றாவது வகை. மூவருக்கும் ஒரே பதில் இல்லை. சமையலுக்கு மட்டும் என்றால் ஆவின் தயிர் பாக்கெட் ஒன்றை வாங்கி வடித்துவிடுங்கள், கீழே உள்ள கணக்குகள் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. புரதம்தான் குறி என்றால் தொடர்ந்து படியுங்கள்.

கடையில்: கப்பைத் திருப்புங்கள்

முதலில் 'இறக்குமதி செய்தவர்' என்று ஒரு முகவரி இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் உள்ளூர்த் தயாரிப்புதான். ஆங்கிலப் பெயரையும் நீலம் வெள்ளை டிசைனையும் பார்த்து ஏமாற வேண்டாம். மும்பையிலிருந்து வரும் எபிகாமியா 2015-இல் வந்தது. மில்கி மிஸ்ட் நமக்குப் பக்கத்தில் ஈரோடு மாவட்டக்காரர்கள், அவர்களும் கிரீக் யோகர்ட் போடுகிறார்கள். அமுல் புரதம் கூட்டிய தயிரை விற்கிறது. எது நல்லது என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே நிறுவனத்திலேயே ஒரு கப்புக்கும் அடுத்த கப்புக்கும் எண்கள் மாறுகின்றன.

அடுத்து, ஊட்டச்சத்துப் பட்டியலில் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்ற வரி. ஒரு கப்புக்கு எவ்வளவு என்று பெரிய எழுத்தில் முன்பக்கம் போட்டிருப்பதை விடுங்கள். ஒரு கப் 85 கிராமாக இருக்கும், இன்னொன்று 200 கிராமாக இருக்கும், ஒப்பிடவே முடியாது. 100 கிராமுக்கு என்று பாருங்கள்:

3 முதல் 4 கிராம் என்றால் அது சாதாரணத் தயிர். முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் சரி.

5.6 கிராமுக்கு மேல் என்றால் வடித்த தயிர் என்று ஒப்புக்கொள்ளலாம். இந்த எண்ணை நான் கண்டுபிடிக்கவில்லை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதியில், அடர்த்தியாக்கிய புளித்த பால் என்ற வகைக்குக் குறைந்தபட்சப் புரதம் 5.6 சதவீதம். ஸ்ட்ராகிஸ்டோவும் லப்னேயும் அந்த வகையில்தான் வருகின்றன.

9, 10 கிராம் என்றால் கொழுப்பில்லாத அசல் கிரேக்கக் கப்புக்கு நிகர்.

இங்கே பலர் சறுக்கும் இடம் 'கட்டித் தயிர்'. பாக்கெட்டில் கட்டித் தயிர் என்று இருந்தால் அது வடித்தது என்று பொருளில்லை. பால் பவுடரோ கொழுப்போ கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தயிர் கத்தியால் வெட்டும்படி உறையும். தயிர் சாதத்துக்கு அருமையாக இருக்கும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் புரதம் 4 கிராமைத் தாண்டுவது அபூர்வம்.

அப்புறம் சேர்த்த சர்க்கரை. 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி மொத்தச் சர்க்கரையும் சேர்த்த சர்க்கரையும் தனித்தனியாகப் போட வேண்டும். பாலிலேயே லாக்டோஸ் என்ற இயற்கைச் சர்க்கரை உண்டு, அதனால் மொத்தம் சுழியமாக இருக்காது. சேர்த்தது சுழியமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழச்சுவைக் கப்களில் பெரும்பாலும் சுழியமாக இருக்காது. சுவை சேர்க்காத வெறும் கப் வாங்கி நீங்களே மாதுளை முத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சேர்மானப் பட்டியல். பாலும் கல்ச்சரும் (உறைக் கிருமிகள்) மட்டும் இருந்தால் சந்தோஷம். பால் புரதப் பவுடர் சேர்த்திருந்தால் வடிக்காமலே எண்ணைக் கூட்டியிருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஸ்டார்ச், பெக்டின் என்று இருந்தால் அடர்த்தியில் ஒரு பங்கு அந்தக் கெட்டியாக்கிகள் தந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் தயிர் விலைக்கு அதை ஏன் வாங்க வேண்டும்?

சக்கா என்று லேபிளில் போட்ட பொருள் கிடைத்தால் விடாதீர்கள். நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி சக்காவில் குறைந்தது 30 சதவீதம் திடப்பொருள், அதில் குறைந்தது 30 சதவீதம் புரதம். பெருக்கினால் 100 கிராமுக்கு 9 கிராம். கிரேக்கப் பெயர் இல்லாத கிரேக்கத் தயிர். கொழுப்பும் அதில் 10 கிராம் அளவுக்குக் குறையாமல் இருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள்.

(பெயர் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவு வருகிறது. 2023 மார்ச்சில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தயிர் பாக்கெட்டில் இந்திச் சொல்லான 'தஹி' என்று போடச் சொல்லி, தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பி, அதே மாதம் 30-ஆம் தேதி 'தயிர்' என்றும் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். ஒரு பாக்கெட்டின் முகத்துக்கு இத்தனை சண்டை. முதுகை யாரும் பார்ப்பதில்லை.)

விலையை ஒப்பிட ஒரு சின்னக் கணக்கு: விலையைப் புரதக் கிராமால் வகுங்கள். கப் 60 ரூபாய், அதில் 8 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராம் ஏழரை ரூபாய். லிட்டர் 50 ரூபாய்ப் பாலை உறைய வைத்து வடித்தால் கையில் 27 கிராம் அளவுக்குப் புரதம் மிஞ்சும், கிராமுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் செய்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில்: எந்தப் பாலை எடுப்பது

வடிக்கும்போது தண்ணீர்தான் போகிறது, கொழுப்பு அப்படியே நிற்கிறது. இது பலருக்குத் தோன்றுவதில்லை. ஃபுல் கிரீம் பாலில் 6 சதவீதக் கொழுப்பு, லிட்டருக்கு 60 கிராம். அதை 420 கிராமாக வடித்தால் 100 கிராமுக்கு 14 கிராம் கொழுப்பு. சீஸ் மாதிரி அமிர்தமாகத்தான் இருக்கும், ஆனால் எடை குறைக்கக் கிளம்பியவர் சாப்பிட வேண்டியது அதுவல்ல.

ஆவின் கணக்கில் சொன்னால் ஆரஞ்சுப் பாக்கெட் ஃபுல் கிரீம், பச்சை 4.5 சதவீதக் கொழுப்பு, நீலம் 3 சதவீதம். நான் நீலம்தான் எடுக்கிறேன். வடித்தபின் 7 சதவீதம் வரும், வாயில் வழவழப்பும் இருக்கும். இன்னும் குறைய வேண்டும் என்றால் 1.5 சதவீத டபுள் டோன்ட் பால்.

வீதியில் கறந்த பால் ஊற்றுபவர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பால்காரரிடம் "ஏனுங்கண்ணா, இது எருமைப் பாலா, பசும்பாலா?" என்று கேட்டேன். "ரெண்டுங் கலந்ததுதானுங்க அம்மிணி, தனியா வேணும்னா முன்னாடி நாளே சொல்லோணும்" என்றார். சொன்னால் தனியாகத் தருகிறார். எருமைப் பாலில் புரதமும் கூட, கொழுப்பும் கூட. தயிர் தானாகவே கல் மாதிரி உறையும்.

புரதம் அதிகமாகவும் கொழுப்பு குறைவாகவும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. ஒரு லிட்டர் பாலில் 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து உறை ஊற்றுங்கள். அந்தப் பவுடரிலேயே 17 கிராம் போலப் புரதம் இருக்கிறது. அரைப் பங்கு வடித்தாலே 100 கிராமுக்கு 8 கிராமைத் தாண்டிவிடும். பாதிப் பவுடர் லாக்டோஸ் என்பதால் லேசாக இனிக்கும், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறும் முனகும்.

உறை ஊற்றுதல்

தயிர் உறைய வைக்கத் தெரியாதவர் இதைப் படிக்க வாய்ப்பு உண்டு, அதனால் சொல்கிறேன். தெரிந்தவர்களும் முதல் வரியை மட்டும் படிக்கவும்: பால் பொங்கியதும் அடுப்பை அணைக்காதீர்கள். சிறுதீயில் பத்து நிமிடம் கொதிக்கட்டும். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, தண்ணீரோடு ஓடிப்போகிற வகை. நன்றாகக் காய்ச்சினால் அது மற்றப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் கெட்டியாக உறையும், வடிக்கும்போது நஷ்டமும் குறையும். பத்து நிமிட எரிவாயுவுக்கு இது நல்ல லாபம்.

விரலை வைத்தால் சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. 40 முதல் 45 டிகிரி. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி தயிரைக் கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றி, மூடி, அசைக்காமல் வையுங்கள். சித்திரையில் நாலைந்து மணி நேரம், மார்கழியில் இரவு முழுக்க. குளிர்காலத்தில் நான் பாத்திரத்தை ஹாட்பாக்ஸுக்குள் வைத்துவிடுவேன்.

நம் வீட்டுத் தயிரில் பலவிதக் கிருமிகள் கலந்து இருக்கும், அதனால் புளிப்பும் மணமும் நம்மூர் வாகில்தான் வரும். சில வீட்டுத் தயிர் நூல் நூலாக இழுக்கும். கடைக் கப்பின் சுவைதான் வேண்டும் என்றால், சுவை சேர்க்காத கிரீக் யோகர்ட் ஒரே ஒரு கப் வாங்கி, அதில் ஒரு கரண்டியை உறைக்கு எடுங்கள். அந்த மூன்றாவது வகை ஆட்களுக்கு இதுதான் மருந்து. அந்த ஒரு கப் பல வாரங்களுக்கு உங்கள் வீட்டில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

உறைந்ததும் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், இரண்டு மணி நேரமாவது. சூட்டோடு துணியில் கொட்டினால் பாதித் தயிர் துணி வழியாகவே போய்விடும்.

வடித்தல்

தேவையானவை: ஒரு வடிகட்டி (கீரை அலசும் துளைத்தட்டு போதும்), அது உட்காரும் அளவில் ஒரு பாத்திரம், ஒரு மூடி, அப்புறம் துணி.

துணி பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும். பழைய வேட்டித் துணி அல்லது மல் துணி. முதல் தடவை நான் எடுத்தது அலமாரியில் மடித்து வைத்திருந்த சுத்தமான துணி. வாஷிங் மெஷினில் வாசனைத் திரவம் போட்டுத் துவைத்தது. ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தால் தயிரில் லாவெண்டர் மணம். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "சோப்புத் தயிரா?" என்றார். முழு லிட்டரும் செடிக்குப் போனது. ஆகவே தயிருக்கென்று ஒரு துணி ஒதுக்குங்கள். சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து, வெயிலில் காய வையுங்கள். வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள். அதிலும் மஞ்சள்பொடி சலிக்க.

துணியை நனைத்துப் பிழிந்து இரண்டாக மடித்து வடிகட்டியில் விரியுங்கள். தயிரைக் கலக்காமல், கரண்டியால் பாளம் பாளமாக எடுத்து வையுங்கள். துணியின் நான்கு முனையையும் மேலே மடக்கி மூடி போட்டு, மொத்தத்தையும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். குழாயில் கட்டித் தொங்கவிடுவதுதான் பழைய வழக்கம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓர் இரவு குழாயில் தொங்கினால் விடியும்போது புளியோடு போட்டி போடும். வடிய வடியப் புளிப்பும் ஏறிக்கொண்டேதான் இருக்கும், குளிர்தான் அதை மட்டுப்படுத்தும். தொங்கவிட ஆசை என்றால் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு உள்ளே வையுங்கள்.

அரைமணி கழித்துக் கீழே பாத்திரத்தைப் பாருங்கள். வடிந்த நீர் இளம்பச்சை கலந்த மஞ்சளில், கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் வேலை சரியாக நடக்கிறது. அந்த நிறம் பி-2 வைட்டமினுடையது. வெள்ளையாக, மோர் மாதிரி இருந்தால் துணியின் இழை அகலம், அல்லது தயிர் சரியாக உறையவில்லை. அதைத் திரும்பத் துணியில் ஊற்றி, இன்னொரு மடிப்புப் போடுங்கள். அவசரப்பட்டுப் பிழியவே கூடாது. பிழிந்தால் தயிர் வெளியே வரும், தண்ணீர் உள்ளே நிற்கும். இரண்டு மணி நேரம் கழித்து மேலே ஒரு சின்னத் தட்டும் அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தால் போதும்.

எங்கே நிறுத்துவது? நான் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்கிறேன். நீலப் பாக்கெட் ஒரு லிட்டருக்கு:

ஐந்தாறு மணி நேரத்தில் 420 கிராம் அளவுக்கு வரும். புரதம் 100 கிராமுக்கு ஆறரை கிராம் போல. கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்கும். பழத்தோடு சாப்பிட இந்தப் பதம்.

இரவு முழுக்க வைத்தால் 320 கிராம் வரை இறங்கும். புரதம் 8 கிராமைத் தாண்டும். சப்பாத்தியில் வெண்ணெய் மாதிரி தடவலாம்.

அதற்கும் மேலே போனால் உருட்டலாம் போல ஆகிவிடும். லெபனான்காரர்கள் அப்படி உருட்டி எண்ணெயில் போட்டு வைப்பார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

இந்தப் புரத எண்கள் என் கணக்கு, ஆய்வகச் சீட்டு இல்லை. லிட்டர் பாலில் 31, 32 கிராம் புரதம், வடிநீரில் நாலைந்து கிராம் போகிறது, மீதியை எடையால் வகுத்தால் வருவது. உங்கள் பால் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். கடைக் கப்பின் 10 கிராமை எட்டவில்லையே என்று வருந்துபவர்கள் பதத்தைப் பொறுத்து கால் கப்போ அரைக் கப்போ கூடச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், விலை இடம் தருகிறது.

அதிகமாக வடிந்து வறண்டுவிட்டால் பயமில்லை. இரண்டு ஸ்பூன் வடிநீரையே திரும்ப ஊற்றி, மத்தாலோ விஸ்காலோ அடியுங்கள். உண்மையில் எந்தப் பதத்தில் எடுத்தாலும் அரை நிமிடம் அடித்தால்தான் அந்தக் கடை வழவழப்பு வரும். அடிக்காத வடிதயிர் கொஞ்சம் மணல் மணலாக இருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற வேண்டாம். புரதம் இரட்டிக்கிறது என்பதால் சுண்ணாம்புச் சத்தும் இரட்டிக்கும் என்று நினைக்காதீர்கள். தயிரின் புளிப்பு அதைக் கரைத்து வடிநீரோடு அனுப்பிவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் கிரீக் யோகர்ட்டிலும் சாதாரணத் தயிரிலும் கால்சியம் ஏறக்குறைய ஒன்றுதான். எலும்புக்காகத் தயிர் சாப்பிடுபவர்கள் வடிக்காமல் சாப்பிடுவதே மேல்.

வடிநீர்

அதனால்தான் அதைக் கொட்டாதீர்கள் என்கிறேன். ஒரு லிட்டரில் அரை லிட்டருக்கு மேல் வடிநீர் வரும். சப்பாத்தி மாவு பிசையலாம், மிருதுவாக வரும். கம்பங்கூழ், ராகிக்கூழ் கரைக்கலாம். உப்பும் பெருங்காயமும் இஞ்சியும் தட்டிப் போட்டு அப்படியே குடிக்கலாம், நீர்மோரின் தம்பி. ரசத்தில் புளியைக் குறைத்துக் கடைசியில் ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். செடிக்கு ஊற்றுவதென்றால் நிறையத் தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றுங்கள்.

எதில் போடலாம், எதில் கூடாது

தயிர் சாதத்துக்கு வேண்டாம். சாதம் தண்ணீரை உறிஞ்சி, கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். தயிர் சாதத்துக்கு நம் சாதாரணத் தயிரும் கொஞ்சம் பாலும்தான் சரி.

வெள்ளரிப் பச்சடிக்குப் பிரமாதம். வெள்ளரியைத் துருவி உப்புப் போட்டுப் பிழிந்து, வடிதயிரில் கலந்து, பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் ஊற்றினால் கிரேக்கர்களின் ஸாஸிகி. பூண்டுக்குப் பதில் கடுகும் பச்சைமிளகாயும் தாளித்தால் நம் பச்சடி. நான் இரண்டாவது கட்சி. வடிதயிரில் செய்தால் அரைமணி கழித்தும் தட்டில் தண்ணீர் நிற்காது.

சிக்கனிலோ பனீரிலோ மசாலா தடவ, வடிதயிர் கீழே வழியாமல் ஒட்டி நிற்கும். மோர்க்குழம்பில் போடுவதென்றால் வடிநீரோடு சேர்த்துக் கடைந்து, அடுப்பை அணைக்கும் முன் ஊற்றுங்கள். கொதித்தால் இதுவும் திரியும்தான்.

காலையில் மேல்மாடிப் பையன் சாப்பிடுவது: ஒரு கிண்ணம் வடிதயிர், ஒரு மலைவாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி, அரை ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை. சர்க்கரை எவ்வளவு என்று அவன் கைக்குத் தெரிகிறது.

வடிக்கவே நேரமில்லை என்றால்

எருமைத் தயிர் வாங்குங்கள், முடிந்தால் மண்சட்டியில் உறைந்தது. மண் ஒரு பகுதித் தண்ணீரைத் தானே குடித்துவிடும், சட்டியே வடிகட்டி. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்து எருமைத் தயிர் இந்த ரகம்தான். சட்டியைச் சாய்த்தாலும் நகராது, மேலே கித்துள் பாணியை (கித்துள் பனையின் பாகு) ஊற்றிச் சாப்பிடுவார்கள். புரதத்தில் கிரீக் யோகர்ட்டை எட்டாது, கொழுப்பில் தாண்டிவிடும். அதைச் சாப்பிட்டவர்கள் யாரும் எண்களைப் பார்ப்பதில்லை.

வளைகுடாவில் இருக்கும் நம்மவர்கள் சூப்பர்மார்க்கெட்டில் கிரேக்கக் கப் தேட வேண்டாம், அதே அடுக்கில் லப்னே இருக்கும். உப்புப் போட்டதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மலேசியாவில் இருப்பவர்களுக்கு 'தைரு' என்றே கடையில் கிடைக்கிறது. நம் சொல்தான், அங்கே போய் மலாய் ஆகிவிட்டது. அது வடித்ததில்லை, ஆனால் வடிக்க நல்ல தயிர்.

யார் கவனிக்க வேண்டும்

சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எந்தத் தயிரும் ஆகாது. லாக்டோஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் வடிதயிர் கொஞ்சம் ஒத்துப்போகலாம், வடிநீரோடு ஒரு பகுதி போய்விடுவதால். அவர்கள் பால் பவுடர் குறுக்குவழியைத் தவிர்க்கவும்.

எத்தனை நாள் வைக்கலாம்

கண்ணாடி டப்பாவில், ஃப்ரிட்ஜில், நாலைந்து நாள். ஈர ஸ்பூனைப் போடாதீர்கள். மேலே மஞ்சள் நீர் நின்றால் கெட்டுப்போனது இல்லை, கலக்கிவிடுங்கள். இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ புள்ளி தெரிந்தால், பூசணம் பூத்தால், மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடும் சிக்கனம் வேண்டாம், மொத்தமாகப் போடுங்கள். துணியை அன்றைக்கே அலசிக் கொதிநீரில் போட்டுவிடுங்கள், மறுநாள் என்று வைத்தால் அந்த வாடை போகவே போகாது.

அப்புறம், டப்பா காலியாகும்போது கடைசி ஒரு ஸ்பூனை வழித்து நக்கிவிடாதீர்கள். அடுத்த லிட்டருக்கு உறை அதுதான்.